சிறந்த தங்கை

எலும்பு ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்காமல் உட்கார்ந்திருப்பவர்கள் மீது விஜயராணிக்கு எப்போதும் ஒரு கண் உண்டு. நோயாளியோடு வந்தவர்கள் என்றால் பரவாயில்லை. ஃபேனுக்கும் டிவிக்கும் ஆசைப்பட்டு சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து நைசாக நழுவி வந்து உட்காருகிறவர்களும் இருக்கிறார்கள். அன்று காலை கடைசி வரிசையில் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு விறைப்பாக ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். எழுப்பி விடலாம் என்று நிமிர்ந்தபோதுதான் அது தன் தங்கை அனுசுயா என்று தெரிந்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கிறாள். அக்காவைப் பார்த்துச் சிரிக்கவில்லை. கூட்டம் குறையட்டும், அப்புறம் வைத்துக்கொள்கிறேன் என்கிற முகத்தோடு டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டிவியில் சீரியல் விருது விழாவின் விளம்பரம் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, காணத் தவறாதீர்கள். விஜயராணி டோக்கன் நோட்டுக்குள் தலையைக் குனிந்துகொண்டாள்.

எல்லாம் ஷெர்லின் செய்த வேலை. ஷெர்லின் அந்த ஆஸ்பத்திரியில் நர்ஸ். நாள் முழுக்க அந்த டிவிக்கு எதிரே உட்கார்ந்து டோக்கன் எழுதுகிற விஜயராணி, வருஷா வருஷம் யார் யாருக்கு விருது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவாள். பெரும்பாலும் தப்பாது. மாவுக்கட்டுப் போட வந்தவர்கள்கூட வலியை மறந்து அவளோடு வாதம் பண்ணுவார்கள். சேனல்காரன் நடிப்பைப் பார்த்து விருது கொடுப்பதில்லை, தனக்கு யார் தேவையோ அவர்களுக்குக் கொடுக்கிறான் என்பது அவள் கட்சி. மாமியாராக நடிக்கிற அம்மாள் வேறு சேனலுக்குத் தாவப் பார்க்கிறாளா, அவளுக்கு ஒன்று. முடியப்போகிற சீரியலுக்கு மேடையில் ஒரு டான்ஸ், அதோடு சரி. இந்த வருஷமும் டீ நேரத்தில் ஷெர்லின் ஒவ்வொன்றாகக் கேட்க, இவளும் சரளமாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். சிறந்த தங்கை யார் என்று கேட்டபோதுதான் ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டும். போட்டியில் இருந்தவர்களில் ஒருத்தி அனுசுயாவின் மகள் அகிலா. ஆறரை மணி சீரியலில் கதாநாயகிக்குத் தங்கையாக வருகிறவள்.

விஜயராணி யோசிக்கவில்லை. ஒன்பது மணி சீரியல் தங்கைக்குத்தான், அவளைப் புது சீரியலில் கதாநாயகியாகப் போடப் போகிறார்கள், நம்ம அகிலாவுக்குக் கிடைக்காது என்று பட்டென்று சொல்லிவிட்டாள். ஷெர்லின் அதைப் போனில் வீடியோவாகப் பிடித்து ஸ்டேட்டஸில் போட்டாள். அது யார் யார் கைமாறியோ, சாயங்காலத்துக்குள் ஸ்ரீரங்கத்தில் அனுசுயா குடியிருக்கிற அபார்ட்மெண்ட் குரூப்புக்கே போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து தங்கையிடமிருந்து போன் இல்லை. இவள் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை.

மருங்காபுரிப் பக்கத்து ஊரில் பாவாடை சட்டை போட்ட காலத்திலிருந்தே விஜயராணிக்குக் கருநாக்கு என்று பெயர். அனுசுயாவுக்கு வந்த முதல் வரனில்தான் அது முத்திரை குத்தியது மாதிரி நிலைத்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள், சிரித்தார்கள், கொடுத்த காப்பியை ஒருவர்கூடத் தொடவில்லை. அவர்கள் தெருமுனை தாண்டியதும் இது நடக்காது என்று விஜயராணி சொன்னாள். நடக்கவில்லை. காப்பி ஆறிப்போய்க் கிடந்ததை யாரும் பார்க்கவில்லை, இவள் வாயைத்தான் பார்த்தார்கள். அதற்கப்புறம் வீட்டில் எந்த நல்ல காரியம் என்றாலும் இவளிடம் கடைசியில்தான் சொல்வார்கள். நாக்கில் ஒரு பொட்டுக் கருப்பு கிடையாது. கண்ணாடி முன் நின்று நீட்டிப் பார்த்திருக்கிறாள், கல்யாணமான பிறகும்கூட.

கூட்டம் குறைந்ததும் அனுசுயா கவுண்டருக்கு வந்தாள்.

"வெள்ளிக்கிழமை லீவு போடு. சமயபுரம் போறோம். ஆத்தா முன்னாடி நின்னு, விருது அகிலாவுக்குத்தான்னு உன் வாயால நீ சொல்லணும்."

விஜயராணி பொறுமையாகத்தான் ஆரம்பித்தாள். இந்த மாதிரி விழாவையெல்லாம் முன்னாடியே படம்பிடித்து வைத்துக்கொண்டு அப்புறம்தான் போடுவார்கள், கொடுக்க வேண்டியவர்களுக்கு இந்நேரம் கொடுத்து முடித்திருப்பார்கள், இப்போது போய் அம்மன் முன்னால் நான் எதைச் சொல்லி எதை மாற்றுவது என்று கேட்டாள்.

"முடிஞ்சிருந்தா எம்பொண்ணு எங்கிட்ட சொல்லாம இருப்பாளா?" என்றாள் அனுசுயா. பிறகு குரலைத் தாழ்த்தி, "நீ வரலேன்னா விட்டுடு. இனிமே எங்க வீட்டு வாசப்படி மிதிக்காத" என்றாள்.

அம்மா அப்பா போன பிறகு விஜயராணிக்குப் பிறந்த வீடு என்று இருப்பது அந்த ஒரு வாசற்படிதான். அது தெரிந்துதான் சொல்கிறாள் என்று எரிச்சலாக வந்தது. எரிச்சலோடு லீவு எழுதிக் கொடுத்தாள்.

சமயபுரத்தில் வெள்ளிக்கிழமைக் கூட்டம் நெரித்தது. வரிசையில் நகர்கிறபோதெல்லாம் அனுசுயா இவள் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள், அன்பினால் அல்ல, நழுவிவிடுவாள் என்ற பயத்தில். சன்னிதிக்கு நேராக வந்ததும் முழங்கையால் இடித்தாள். மனசுக்குள் முணுமுணுத்துவிட்டு நகர்ந்துவிடலாம் என்று விஜயராணி நினைத்திருந்தாள். அனுசுயா சாமியைப் பார்க்கவே இல்லை, அக்காவின் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அகிலாவுக்குத்தான் கெடைக்கும்" என்று விஜயராணி சத்தமாகச் சொன்னாள். முன்னால் நின்ற கிழவர் திரும்பிப் பார்த்தார். அவ்வளவு பேருக்கு நடுவில், தெய்வத்தின் முகத்தைப் பார்த்து, தான் நம்பாத ஒன்றைச் சொன்னது அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

ஆனால் அனுசுயா அந்த நிமிஷமே பழைய அனுசுயா ஆகிவிட்டாள். வெளியே வந்து அக்காவுக்கு வளையல் வாங்கிப் போட்டாள். பஸ்ஸில் தோளில் சாய்ந்துகொண்டு, அகிலாவுக்கு மேக்கப் போட்டுப் போட்டு முகம் கறுத்துப் போனதையும் கீழ்வீட்டுக்காரியின் வாய்க்கொழுப்பையும் விலாவாரியாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். இத்தனை வருஷமாக உள்ளதைச் சொல்லிக் கிடைக்காத தங்கை, ஒரே ஒரு பொய்யில் கிடைத்துவிட்டாள். அதை நினைக்க நினைக்க விஜயராணிக்கு ஆத்திரம்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அனுசுயா வீட்டுக் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. அபார்ட்மெண்டில் பாதிப்பேர் வந்திருந்தார்கள். பெரிய தூக்கு நிறையக் கேசரி கிளறி மூடி வைத்திருந்தது. அனுசுயாவின் கணவர் ஜெயக்குமார் ரிமோட்டை யாரிடமும் கொடுக்காமல் டிவிக்குப் பக்கத்திலேயே நின்றார். டான்ஸும் ஜோக்கும் விளம்பரமுமாக இழுத்து இழுத்து, ஐந்து மணிக்கு மேல்தான் சிறந்த தங்கை வந்தது. உறையைப் பிரித்தவர் ஒன்பது மணி சீரியல் பெண்ணின் பெயரைச் சொன்னார். திரையில் ஒரு நொடி அகிலாவின் முகம். சிரித்துக்கொண்டே கைதட்டினாள். போட்டியில் இருந்ததே பெரிய விஷயம் என்று கீழ்வீட்டுக்காரி சொன்னாள். எல்லோரும் அதையே ஆளுக்கொரு விதமாகச் சொல்லி, கேசரியையும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். ஜெயக்குமார் செருப்பை மாட்டிக்கொண்டு எங்கேயோ போய்விட்டார்.

கதவு சாத்தியதும் அனுசுயா திரும்பினாள். "நீ மனசாரச் சொல்லல."

விஜயராணிக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை. சொன்னாலும் குற்றம், சொல்லாவிட்டாலும் குற்றம், மனசைக் கிழித்தா காட்ட முடியும் என்று கத்தினாள். கத்திக்கொண்டே போனை எடுத்துச் சென்னையில் இருக்கிற அகிலாவுக்குப் போட்டு, ஸ்பீக்கரையும் போட்டு டீப்பாயில் வைத்தாள். அகிலா எடுத்ததும் அம்மாவும் பக்கத்தில் இருக்கிறாள் என்று சொல்லிவிட்டு, இந்த விழாவை எப்போது எடுத்தார்கள் என்று கேட்டாள்.

"மூணு வாரம் ஆச்சு பெரியம்மா. வெளிய சொல்லக் கூடாதுன்னு ஆர்டர். அம்மாட்ட... எப்படி சொல்றதுன்னு தெரியல."

ஷெர்லின் வீடியோ எடுத்ததே போன வாரம்தான். விஜயராணி தங்கையை நிமிர்ந்து பார்த்தாள். வாழ்நாளில் முதல் முறையாகக் கையில் சாட்சி இருந்தது. அனுசுயாவின் முகம் சுருங்கிப்போயிற்று. மூன்று வாரமாகத் தினமும் இரண்டு வேளை போனில் பேசுகிற மகள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த அடி விழுந்ததை விஜயராணி பார்த்தாள். பாவமாகவும் இருந்தது. ஆனாலும் ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தாள். என் மேல்தான் தப்பு அக்கா என்றுகூட வேண்டாம், சரி விடு என்றால் போதும்.

"அதுக்கு முன்னாடியே நீ மனசுல நெனச்சிருப்ப" என்றாள் அனுசுயா. சொல்லிவிட்டு சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து, கேசரிக் கிண்ணங்களைத் தடதடவென்று தேய்க்க ஆரம்பித்தாள்.

இதற்கு எந்தக் கோர்ட்டில் போய்ப் பதில் வாங்குவது. விஜயராணி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். போனை மறந்தே போய்விட்டாள். அகிலா இன்னும் லைனில்தான் இருந்தாள்.

"பெரியம்மா, அம்மா போயிட்டாங்களா? உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். எனக்கு வேற சீரியல்ல கூப்பிடறாங்க. நாளைக்குள்ள பதில் சொல்லணும். இங்க யாரக் கேட்டாலும் வாயத் தொறக்க மாட்டேங்கறாங்க. என் கேரக்டர முடிக்கப் போறாங்களா? நீங்க தினமும் பாக்கறீங்கல்ல. உங்களுக்கு என்ன தோணுது?"

விஜயராணி நாற்காலியை டீப்பாய்ப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். என்ன தோணுது என்று அவளை யாரும் இப்படிக் கேட்டதில்லை. ஆஸ்பத்திரியில் வேடிக்கைக்குக் கேட்பார்கள், வீட்டில் கேட்கவே பயப்படுவார்கள். இந்தப் பெண் தெரிந்துகொள்வதற்காகக் கேட்கிறாள். விஜயராணிக்குத் தெரியும். வியாழக்கிழமையே தெரிந்துவிட்டது. சீரியலில் ஒரு மாதமாக முறைத்துக்கொண்டு திரிந்த தங்கை இந்த வாரம் எல்லோரிடமும் சமாதானம் ஆகிறாள். புதுப் புடவை, பிறந்தநாள் கேக், அக்காவின் மடியில் தலைவைத்து ஒரு நீளமான பேச்சு. அந்தத் தங்கை மாதம் தாண்ட மாட்டாள். லாரியோ காய்ச்சலோ, ஏதோ ஒன்றில் அவளைச் சாகடித்துவிடுவார்கள். இப்போது சொன்னால் அகிலா பிழைத்துக்கொள்வாள். சொல்லாவிட்டால் இரண்டு சீரியலும் இல்லாமல் வீட்டுக்கு வந்து உட்காருவாள்.

சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றது.

"சொல்றேன், கேளு" என்று விஜயராணி குனிந்தாள். வாயைத் திறந்து மூச்சு எடுத்திருப்பாள், பின்னாலிருந்து ஒரு கை வந்து அவள் வாயை அழுத்தமாகப் பொத்தியது. அனுசுயாவின் கை, பாத்திரம் தேய்த்த நுரையோடு. அவள் திட்டவில்லை. அக்காவின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

"பெரியம்மா? லைன்ல இருக்கீங்களா? பெரியம்மா?"

சோப்புத் தண்ணீர் விஜயராணியின் மோவாயில் வழிந்து, போனின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது.