சிஷிம்பா சொன்னால் சிரிப்பார்கள்

செம்புச் சுரங்கத்தின் எட்டாம் தளத்தில் சிஷிம்பாவின் அதிகாரம் இரண்டு பம்புகளோடு சரி. அவற்றை ஓடவிடலாம், நிறுத்தலாம். மனிதர்களிடம் 'நில்' என்று சொல்ல அவனுக்கு எந்த உரிமையும் கிடையாது. ஆனாலும் கிட்வே ஊரிலிருந்து அந்தச் சுரங்கத்துக்கு வருகிறவர்கள் அவனுடைய பம்ப் அறையை எட்டிப் பார்க்காமல் வேலைக்குப் போக மாட்டார்கள். வாயைத் திறந்தால் வயிறு வலிக்கச் சிரிக்க வைப்பான். முகம் பார்க்காதிருந்த இருவரை ஒரே தட்டில் ந்ஷிமா என்கிற சோளக்களியைத் தின்ன வைத்தவன். அவன் கேலிக்குப் பயந்து குடியையே விட்டவன் ஒருவன் உண்டு.

அந்தத் திங்கட்கிழமை, குறுக்குச் சுரங்கத்திலிருந்து கால்வாயில் வரும் தண்ணீர் நிறம் மாறியது. பதினாறு வருடமாகக் கண்ணாடி போல வந்த தண்ணீர் அன்று செம்மண் குழம்பாக வந்தது. அள்ளிப் பார்த்தான். விரலிடுக்கில் மாவு போல சேறு தங்கியது. மேலே கைவிட்ட பழைய குடைவுகளில் மழைக்காலம் முழுக்கத் தேங்கிய சேறு இறங்க வழி தேடுகிறது. உடனே எழுதிக் கொடுத்தான். இன்ஜினியர் ஆபீசில் வாங்கி மேஜையில் வைத்தார்கள், அவ்வளவுதான். பம்ப்காரன் எழுதிய தாளுக்கு அங்கே யார் மூக்குக்கண்ணாடியைத் தேடப் போகிறார்கள்?

மிச்சம் இருந்தது ஜேரே. எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு அந்தக் குறுக்குச் சுரங்கத்துக்குள் போகும் மேஸ்திரி. சிஷிம்பா பெம்பா இனம், ஜேரே ங்கோனி இனம். முன்னோர் வெட்டி மாய்ந்த பகைக்குப் பதில், இப்போது இரண்டு இனத்தாரும் கேலிமுறைக்காரர்கள். ஒருவரை ஒருவர் எலிதின்னி, குரங்குதின்னி என்று என்ன திட்டினாலும் கோபம் வரக் கூடாது. ஒருவன் செத்தால், மற்ற இனத்தான்தான் குழிக்குள் இறங்கிப் படுத்துக்கொண்டு, 'இவனைப் புதைக்க விடமாட்டேன்' என்று வம்பு செய்வான். அழுகிறவர்களையும் சிரிக்க வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பான்.

செவ்வாய் காலை ஜேரேயும் ஆட்களும் வந்தபோது, சிஷிம்பா குறுக்குச் சுரங்கத்தின் வாயில் குறுக்கே நீட்டிப் படுத்திருந்தான்.

"டேய் எலிதின்னி, உள்ள போகாத. அங்க உனக்கு எலி இல்ல, சேறுதான் இருக்கு."

"கொரங்கு தின்ற வாய் வேற என்னத்த சொல்லும்? எந்திரிடா, வேலை கெடக்கு."

"மாட்டேன். ஒம்போது பேருக்கும் சேத்து இப்பவே படுத்துட்டேன்."

சிரிக்க ஆரம்பித்தவர்கள் பாதியில் நிறுத்தினார்கள். உயிரோடு நிற்பவர்களுக்காகக் குழியில் படுப்பதை யாரும் பார்த்ததில்லை. ஒருவரும் அவனைத் தாண்டவில்லை. ஜேரே அதட்டியும் நகரவில்லை. கடைசியில் அவரே காலைத் தூக்கித் தாண்டினார். தனியாகவே உள்ளே போனார், சுவரைத் தட்டிப் பார்த்தார், அரை மணியில் விசிலடித்துக்கொண்டு திரும்பினார்.

"எங்கடா சேறு? இவன் மண்டைக்குள்ளதான் இருக்கு!"

குடைவு அதிரச் சிரித்தார்கள். பழக்கதோஷம், சிஷிம்பாவும் சேர்ந்து சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்புக்காக அன்று முழுக்கத் தன் வாயிலேயே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது அவனுக்கு.

புதன்கிழமை அவன் பம்ப் அறையைத் தாண்டிச் சாதாரணமாகப் போனார்கள். "இன்னைக்குப் படுக்கலையா அண்ணே?" என்று ஒருவன் கேட்டுவிட்டும் போனான்.

கபம்பா மட்டும் பின்தங்கினான். டிரில் அடிப்பவன், மூன்று குழந்தைக்காரன்.

"அண்ணே, நெசமாத்தான் சொல்றியா?"

"எம் மக மேல சத்தியம்டா."

"போகலைன்னா கூலி போயிருமே."

ஒருவனாவது மிஞ்சட்டும் என்றுதான் சிஷிம்பா நினைத்தான். "உன் வில்லைய மாட்டிட்டு வந்து என் அறையில ஒக்காரு. உள்ள ரெண்டு பக்கமா இருட்டுல வேலை செய்யிறாங்க, யாரு எண்ணப் போறா?"

உள்ளே போகிறவன் தன் நம்பர் போட்ட பித்தளை வில்லையை வாயிலில் உள்ள பலகையில் மாட்ட வேண்டும், வெளியே வந்ததும் எடுக்க வேண்டும். கபம்பா மாட்டினான். பிறகு பூனை போல நழுவி, இருநூறு அடி தள்ளியிருந்த பம்ப் அறைக்கு வந்து, பம்புகளின் பின்னால் உட்கார்ந்துகொண்டான்.

பத்தரை மணிக்குக் கால்வாயில் தண்ணீர் நின்றது.

குறையவில்லை, அடியோடு நின்றது. எங்கோ சேறு அடைத்துக்கொண்டு, அதன் பின்னால் அத்தனை பாரமும் ஏறிக்கொண்டிருக்கிறது. சிஷிம்பா, குறுக்குச் சுரங்கத்துக்குள் பேசும் போனின் கைப்பிடியைச் சுழற்றினான்.

"என்னடா கொரங்குதின்னி," என்றார் ஜேரே. பின்னால் யாரோ அதற்குள்ளேயே சிரித்தார்கள். "இன்னைக்கு என்ன கதை?"

திட்டு நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினான்.

"ஐயா," என்றான். "உங்க காலப் புடிச்சுக் கேக்குறேன். புள்ளைங்கள வெளிய கூட்டிட்டு வந்துருங்கய்யா."

பதினாறு வருடத்தில் அவன் அவரை ஐயா என்றதில்லை. எந்தப் பெம்பாவும் எந்த ங்கோனியிடமும் அப்படிக் குழைந்ததில்லை. மறுமுனையில் ஜேரே போனைக் கீழே விட்டுவிட்டுக் கத்தினார்: "ஓடுங்கடா! எல்லாத்தையும் போட்டுட்டு ஓடுங்க!"

சிஷிம்பாவுக்கு அழுகையே வந்துவிட்டது. கேட்டுவிட்டார்கள். தலைவிளக்குகள் குலுங்க ஒவ்வொருவராகப் பம்ப் அறையைத் தாண்டி ஓடினார்கள். எண்ணினான். ஐந்து, ஆறு, ஏழு. ஏழாவது ஆளின் சட்டையைப் பிடித்து நிறுத்தினான்.

"ஜேரே எங்க?"

"வாசல் வரைக்கும் எங்க கூடத்தான் வந்தாரு," என்றான் அவன், மூச்சு வாங்க. "நாங்க எடுத்த பெறகும் பலகையில ஒரு வில்லை மிச்சம் தொங்குச்சு. கபம்பா உள்ள மாட்டிக்கிட்டான்னு திரும்பிப் போயிட்டாரு."

பம்புகளின் பின்னாலிருந்து கபம்பா மெதுவாக எழுந்து நின்றான். ஏழாவது ஆள் அவனைப் பார்த்தான். பிறகு சிஷிம்பாவைப் பார்த்தான்.

சிஷிம்பா போன் மேல் பாய்ந்தான். "அவன் இங்க இருக்கான்! ஐயா, அவன் எங்கிட்ட இருக்கான்!" ஜேரே கீழே விட்ட போன் உள்ளே இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் அவருடைய குரல் கேட்டது, தூரத்தில், சுவருக்குச் சுவர் எதிரொலித்து: "கபம்பா! டேய் கபம்பா, பயப்படாத, நான் வந்துட்டேன்!"

அப்போது குறுக்குச் சுரங்கத்திலிருந்து காற்று வந்தது, உடைத்துக்கொண்ட சேறு முன்னால் தள்ளிய காற்று.