இரண்டு மாயக்காள்

"மாயக்காள், தகப்பன் மொக்கையன், ஊர் சிலமலை." மெஹ்ராஜ் திரையைப் பார்த்து வாசித்தாள். அடுத்த வரியையும் வாசித்தாள். "மாயக்காள், தகப்பன் மொக்கையன், ஊர் சிலமலை. ரெண்டு தடவை வந்திருக்குக்கா. ஒண்ணை அடிச்சிருங்க."

சிவப்புப் பென்சில் மாயக்காளின் கையில்தான் இருந்தது. ஏலக்காட்டுச் சரிவில் விழுந்து முட்டி வீங்கியதிலிருந்து அவளுக்கு மலையேற்றம் இல்லை. சும்மா கிடப்பானேன் என்று எஸ்டேட் மேனேஜர் அவளைப் போடியில் கலீபுல்லாவின் டைப்ரைட்டிங் கடைக்கு அனுப்பியிருந்தார். அங்கே புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வந்திருந்தது. கலீபுல்லாவின் மகள் மெஹ்ராஜ்தான் அதில் இங்கிலீஷ் எழுத்தில் தட்டுவாள். ஆள் கூட்டிப் போகும் கங்காணிகளின் கையெழுத்தைப் படித்துச் சொல்ல, மலை ஆட்களை அறிந்த ஒருத்தி வேண்டியிருந்தது. நாற்பத்திரண்டு வயதில் எழுத்துக் கூட்டக் கற்றவள் மாயக்காள். அது ஆகி இரண்டு வருஷம்தான். அதற்குள் மேஜை, நாற்காலி, பென்சில். இதைச் சிலமலையில் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

எஸ்டேட்டின் நானூறு ஆட்களையும் மதுரையில் ஒரு பெரிய கம்ப்யூட்டரில் ஏற்றப் போகிறார்கள். ஏறியவர்களுக்குப் படம் ஒட்டிய அட்டை வரும். அட்டை இல்லாதவர்களுக்கு அடுத்த வருஷம் மலைக்கு ஏறும் ஜீப்பில் இடம் கிடையாது. ஆறு கங்காணிகள் கொடுத்த ஆறு பட்டியலும் ஆறு தினுசாக இருந்தன. ஒருவர் ஊரை முன்னால் போட்டுப் பெயரைப் பின்னால் போட்டிருந்தார். ஒருவர் தகப்பன் பெயர் எழுத வேண்டிய இடத்தில் 'நம்ம மாமன்' என்று எழுதியிருந்தார். எல்லாவற்றையும் பெயர், தகப்பன், ஊர் என்று ஒரே சீராக்கி, நடுவில் ஒவ்வொரு கமா வைக்க வேண்டும். ஒரு வரியில் மட்டும் ஒரு கமா கூடினாலும் மதுரை மிஷின் அந்த ஆளைத் துப்பிவிடுமாம். ஒரே ஆள் இரண்டு தடவை வரவும் கூடாது. இது ஆபீஸ் உத்தரவு. மெஹ்ராஜ் ஊர்வாரியாக அடுக்கினாள். ஒரே மாதிரி வரிகள் அடுத்தடுத்து வந்து விழுந்தன. தேவாரம், பொட்டிபுரம் முடித்துச் சிலமலைக்கு வந்திருந்தார்கள்.

மாயக்காள் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"இதை அடிக்க முடியாது தாயி. ஒண்ணு எங்கக்கா."

"மத்தது?"

"நான்தேன்."

மெஹ்ராஜ் சிரித்தாள். எதிரில் சிரிப்பு வராததைப் பார்த்து நிறுத்தினாள். "ரெண்டு பேருக்கும் ஒரே பேரா வப்பாக?"

"எங்கய்யா குலசாமிக்கு நேந்துக்கிட்டாரு. பொறக்குற பொண்ணுக்கெல்லாம் சாமி பேருதேன். அவ பெரிய மாயக்கா, நான் சின்ன மாயக்கா. ஊருக்குள்ள வீட்டுக்கு வீடு இப்படித்தேன்."

சொன்ன வாய் மூடவில்லை, கங்காணிகளின் பட்டியல் கட்டை முன்னால் இழுத்தாள். முந்தைய தாள்களைத் திருப்பினாள். தேவாரத்துப் பேச்சிமுத்து, தகப்பன் சுடலை. பொட்டிபுரத்து அன்னக்கொடி. தேவாரத்துக் காசிமாயன். மொத்தம் பதினொரு சிவப்புக் கோடுகள். கோணக் கூடாது என்று அவளே ஸ்கேல் வைத்து இழுத்தவை. ஒவ்வொன்றுக்கும் மெஹ்ராஜிடம் "சரியா இருக்கா, சரியா இருக்கா" என்று கேட்டுக்கொண்டது ஞாபகம் வந்தது.

கலீபுல்லா உள்ளே வந்து விஷயத்தைக் கேட்டார். "நாளைக்குக் காலைல பத்து மணி பஸ்சுல பட்டியல் ஏத்துன பிளாப்பி மதுரைக்குப் போயாகணும். நான் வாக்குக் குடுத்திருக்கேன். உன் வரியை வேணா வச்சுக்க தாயி. மத்தவுகளை ஆபீஸ்ல பாத்துக்குவாக."

"ஆபீசுக்கு எங்க மூஞ்சி தெரியுமா பாய்? நான் அடிச்சது. நானே கேட்டுட்டு வந்துர்றேன்."

"அந்தக் காலை வச்சுக்கிட்டா?"

"காலு நடக்கத்தேன். பென்சிலா பிடிக்கப் போகுது?"

சாயங்காலம் மலையிலிருந்து ஜீப்புகள் இறங்கும் இடத்தில் தாள்களோடு போய் நின்றாள். முதலில் வந்தது கோட்டைச்சாமி கங்காணியின் ஜீப்பு. பதினாறு பேர் பிதுங்கி இறங்கினார்கள்.

"அண்ணே, எங்கக்காவைப் பெரிய மாயக்கான்னுதானே கூப்பிடுவீக? பட்டியல்ல ஏன் அதை விட்டீக?"

"கம்ப்யூட்டருல ஏத்துறோம்னாக. அங்க போயி பெரிய, சின்னன்னு வீட்டுல கூப்பிடுறதை எல்லாம் எழுதுனா மரியாதையா இருக்காதுல்ல? சுத்தமா எழுதுவோம்னு விட்டுட்டேன்."

"நீங்க அங்க சுத்தம் பண்ணுனீக, நான் இங்க சுத்தம் பண்ணுனேன். நடுவுல பதினோரு பேரைக் காணோம்."

கோட்டைச்சாமி தலைத்துண்டை அவிழ்த்து உதறினார். பிறகு தானே ஒவ்வொரு ஜீப்பாகப் போய்க் குரல் கொடுத்தார். பேச்சிமுத்துகள் இரண்டு பேர் இறங்கினார்கள், அண்ணனும் தம்பியும். ஒருவன் மீசையோடு, ஒருவன் மீசை இல்லாமல். இப்படியே ஒன்பது ஜோடி சேர்ந்துவிட்டது. காசிமாயன் மட்டும் ஒற்றையாக வந்து நின்றான்.

"உன் கூட்டாளி எங்கடா?"

"நான் ஒருத்தன்தேன் மதினி. இந்த ஜீப்புல எடம் இல்லாட்டி அந்த ஜீப்புல போவேன். ரெண்டு கங்காணியும் எழுதிக்கிட்டாக. ரெண்டும் கெடக்கட்டுமே. ஒருத்தன் சோலிக்குப் போவான், ஒருத்தன் தூங்குவான்."

"தூங்குறவனை இப்பவே அடிக்கிறேன்" என்று அந்தக் கோட்டைத் திரும்பவும் அழுத்தி இழுத்தாள். ஜீப்புக்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

அன்னக்கொடி விஷயம்தான் பிடிபடவில்லை. அந்தப் பெயரில் யாரும் அன்று வேலைக்கு வரவில்லை. ஒருத்தியா இருவரா என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கே மெஹ்ராஜ் தட்ட ஆரம்பித்தாள். ஊருக்குப் பின்னால் இன்னொரு கமா வைத்துக் கங்காணியின் பெயரையும் சேர்த்தாள். எல்லா வரியும் ஒரே சீராக இருந்தால்தான் மிஷின் ஏற்கும் என்பதால் நானூறு வரிக்கும் சேர்க்க வேண்டியிருந்தது. மாயக்காள் வாசிக்க வாசிக்க விரல்கள் ஓடின. அன்னக்கொடிக்கு வந்ததும் இருவரும் நின்றார்கள்.

"ஒண்ணா ரெண்டாக்கா?"

"ரெண்டையும் வச்சிரு. இல்லாத ஆளுக்கு அட்டை வந்தா மேசையில கெடக்கும். இருக்குற ஆளுக்கு வராட்டி அவ எங்க போவா?"

மெஹ்ராஜ் தலையாட்டிவிட்டுத் தட்டினாள். கடைசியாக ஒருமுறை அடுக்கியபோது இரண்டு மாயக்காளும் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தார்கள். மாயக்காள் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். இங்கிலீஷ் எழுத்து அவளுக்குத் தெரியாது.

"யாரு மேல இருக்கா?"

"கோட்டைச்சாமி ஜீப்பு மேல. உங்க சோலைமலை கங்காணி ஜீப்பு கீழ."

"அப்ப அக்காதேன் மேல. இருக்கட்டும். குழாயடியில என்னைக்கும் நான்தேன் முந்துவேன்."

ஒன்பதே முக்காலுக்குக் கலீபுல்லா பிளாப்பியை உறையில் போட்டு, பஸ்சைப் பிடிக்க வெரசாக நடந்தார். மாயக்காள் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து, பென்சிலுக்கு இன்னொரு தடவை கூர் தீட்டினாள்.