ஐப்பசியில் பிடுங்கிய கிழங்கு

எழுபதுகளின் நடுவில் ஓர் ஐப்பசி மாதம். பனமரத்துப்பட்டிப் பக்கம் அர்த்தநாரிக்கு ஒன்றரை ஏக்கர் குச்சிக்கிழங்கு, அதான் மரவள்ளி, விளைந்து நின்றது. அந்தக் குடும்பத்துக்கு வருஷச் சாப்பாடே அதுதான், கண்ணுகளா. அது கைவிட்டுப் போனால் எருமையைச் சந்தைக்கு ஓட்ட வேண்டும். எருமை போனால் கைக்குழந்தைக்குப் பாலில்லை.

டீக்கடையில் யாரோ பேப்பரை உரக்கப் படித்தார்கள். விலைவாசியை அடக்க ரிசர்வ் வங்கி கடனை இறுக்கக்கூடும், அடுத்த வாரம் தெரியும் என்று போட்டிருந்தது. இறுக்கிவிட்டது என்றில்லை; இறுக்கக்கூடும் என்றுதான். ஆனாலும் ஆளாளுக்கு டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்கள். கிழங்கை அரைத்து ஜவ்வரிசி ஆக்கும் சேகோ மில்காரர், அந்த ஜவ்வரிசி மூட்டையைப் பேங்கில் ஈடு காட்டிப் பணம் வாங்குவார். அந்தப் பணத்தில்தான் கிழங்கு வாங்குவார். மேலே இறுக்கினால் இங்கே மில் நின்றுவிடும்.

அர்த்தநாரி வீட்டுக்கு ஓடிவந்து பெண்டாட்டியிடம் சொன்னான்.

"அத்தாயி, நாளைக்கே புடுங்கிரலாம். மில்லு நிக்கறதுக்குள்ள போட்டுரோணும்."

"ஏனுங்க, மண்ணுக்குள்ள கெடந்தா ரெண்டு மாசமானாலும் கெடக்கும். வெளிய எடுத்தா ரெண்டு நாளு தாங்குமா?"

"ஊரே புடுங்குது. நாம மட்டும் வேடிக்கை பாக்கறதா?"

"அப்ப பாதியாச்சும் உட்டுருங்க."

"பயந்தாங்கொள்ளி!"

"பயம் உங்களுக்குத்தானுங்க. அதான் இந்த ஓட்டம் ஓடறீங்க."

முணுமுணுத்துக்கொண்டே பாதியை விட்டான். மீதிப் பாதியைப் பிடுங்கி, மறுநாள் வண்டி கட்டி மில்லுக்குப் போனால், ரோட்டு வளைவு வரைக்கும் வண்டிகள். நகரவே இல்லை. மத்தியானம் தாண்டி மில்காரர் மயில்சாமி துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"ஏனுங்க மொதலாளி, எறக்கலாமுங்களா?" என்று கேட்டான் அர்த்தநாரி.

"எங்க சாமி எறக்கறது? உத்தரவு வாரதுக்கு முன்னாலயே பேங்க்காரரு கைய இழுத்துக்கிட்டாரு. இருக்கற காசுக்குத் தெனமும் கொஞ்சமா வாங்கலாம்னு இருந்தேன். நீங்க ஒரு மாசத்துக் கெழங்க ஒரே நாள்ல கொண்டாந்து நிறுத்திப்போட்டீங்க. இத்தனையும் எதுல போட்டு அரைக்கறது?"

"வெலையாச்சும் சொல்லுங்க."

"இன்னிக்கு வெலை கேக்காத சாமி. சொன்னா என்னையத்தான் வைவே."

பின்வண்டிக் குஞ்சம்மாள் ஒரு கிழங்கை ஒடித்துப் பார்த்தாள். உள்ளே நீலக்கோடு ஓடியிருந்தது. "போச்சு, அழுக ஆரம்பிச்சிருச்சு," என்றாள். வரிசை முழுக்க ஆளாளுக்குக் கிழங்கை ஒடித்துப் பார்த்தார்கள்.

அர்த்தநாரி வண்டியைத் திருப்பினான். இனி ஒரே வழி, சீவிச் சில்லுப்போட்டுக் காயவைத்து மாட்டுத் தீவனத்துக்கு விற்பது. கால்வாசி விலைகூடத் தேறாது. பாறைமேல் பரப்பினார்கள். கிழக்கே ஆத்தூர்ப் பக்கம் மேகம் திரண்டது. சீவுகிற கை சீவிக்கொண்டே இருந்தது, கண் மட்டும் வானத்தில். சாயங்காலம் மழை இறங்கிவிட்டது, தங்கங்களா. சாக்குப்போட்டு மூடியது கொஞ்சம். நனைந்து பூசணம் பிடித்தது மிச்சம்.

அடுத்த வாரம் ரேடியோவில் சேதி வந்தது. கடனை இறுக்கியிருந்தார்கள்தான், ஆனால் ஊர் பயந்த அளவுக்கு இல்லை. பேங்க்காரர் மறுபடி கொஞ்சம் கடன் கொடுத்தார். விலை இறங்கினாலும் மில் ஓடியது; மில்காரர் வண்டிக்கு ஒரு நாள் குறித்து வாங்கினார்.

பிடுங்காமல் நின்ற பாதியின் ஓரத்தில் அர்த்தநாரி கடப்பாறையோடு நின்றான். குத்தக் கை வரவில்லை.

"புடுங்கட்டுமா, அத்தாயி?"

"நம்ம வண்டிக்கு நாளு கேட்டீங்களா?"

"வெள்ளிக்கெழமைன்னாரு."

"அப்ப வியாழக்கெழமை புடுங்கலாம். இது முழுசாப் போய்ச் சேந்தா கன்னுக்குட்டிய மட்டும் வித்தாப் போதும். எருமை நிக்கும்."

அவன் கடப்பாறையைக் கீழே வைத்தான். "அதுக்குள்ள பேப்பர்ல மறுக்காவும் எதாச்சும் போட்டுட்டா?"

மழை அரித்து ஒரு செடியின் கிழங்கு வெளியே தெரிந்தது. அத்தாயி குனிந்து, இரண்டு கையாலும் மண்ணை அள்ளி அதை மூடினாள்.