நாலாவது ஆள்

செந்தூல் ரயில்வே குவார்ட்டர்ஸில் புனிதா கற்றுக்கொண்ட பாடம் ஒன்றே ஒன்றுதான். "எப்பவும் போல இருங்க" என்று சொல்லிவிட்டால், அந்த நிமிடத்திலிருந்து யாரும் எப்பவும் போல இருக்கமாட்டார்கள்.

முதல் வீட்டில் ஊறுகாய்க்கு மாங்காய் காயவைத்துக்கொண்டிருந்த அம்மாள் கேமராவைக் கண்டதும் முறத்தை உள்ளே ஒளித்துவிட்டுப் பட்டுப்புடவையில் வந்து நின்றாள். அடுத்த வீட்டில் கைலியோடு உட்கார்ந்து மோட்டார் சைக்கிளைக் கழற்றிக்கொண்டிருந்தவர், வண்டியைப் போர்வையால் மூடிவிட்டு, தம்பி கல்யாணத்துக்குத் தைத்த கோட்டை மாட்டிக்கொண்டு வந்தார். பழைய வீடுகளையும் அங்கே நடக்கும் அன்றாட வாழ்க்கையையும் படம் பிடித்து வரச்சொல்லி அவளைக் கண்காட்சிக்காரர்கள் அனுப்பியிருந்தார்கள். வீடுகள் என்னவோ இருந்த இடத்தில்தான் இருந்தன. அன்றாட வாழ்க்கைதான் அவளைக் கண்டதும் குளித்துப் பவுடர் பூசிக்கொண்டது.

கடைசியாக மிச்சமிருந்தது ரெங்கசாமியின் வீடு. அவர் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி தாமரை. கல்யாணப் பேச்சை எடுத்தாலே மோட்டார் சைக்கிளை முடுக்கிக்கொண்டு கிளம்பிவிடும் மகன் விஜயன். அடுத்த சனிக்கிழமை லோரி வந்து இவர்கள் சாமான்களை ஏற்றிக்கொண்டு போகும். அதற்குப் பிறகு அந்த வரிசை முழுவதையும் இடித்துவிட்டுக் கொண்டோ அடுக்குமாடி கட்டப்போகிறார்கள். வீட்டின் முன்னால் குடும்பமாக நின்று ஒரு படம், அவ்வளவுதான் புனிதா கேட்டது.

"முடியாது" என்றாள் தாமரை. "மூணு பேரா நின்னு போட்டோ எடுக்கக்கூடாது. நடுவுல நிக்கிறவங்களுக்கு ஆகாது."

"ஆன்டி, அதெல்லாம் இப்ப யாரு பாக்குறா லா?"

"நான் பாக்குறேன்."

"அப்ப ரெண்டு ரெண்டு பேரா எடுக்கட்டுமா?"

"இருக்குறதே மூணு பேரு. அதையும் நீ ஏம்மா பிரிக்கிற?"

விஜயன் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவளை உள்ளே கூட்டிப்போய்ச் சுவரில் மாட்டியிருந்த படங்களைக் காட்டினான். எல்லாவற்றிலும் நாலு பேர். ஒரு தீபாவளிப் படத்தில் கேஸ் சிலிண்டரான தோங்கைத் தோளில் வைத்தபடி கேஸ்காரர். விஜயன் புதுக் கார் வாங்கிய படத்தில் அந்தக் கார் கம்பெனி ஏஜென்ட். பத்துமலைப் படத்தில் யாரோ ஒரு வெள்ளைக்காரர், கையில் இளநீரோடு, தான் எதற்கு நிற்கிறோம் என்று தெரியாமலே பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்.

சரி, ஆள்தானே வேண்டும், பிடித்து வந்தால் போயிற்று என்று நினைத்தாள் புனிதா. அங்கேதான் ஏமாந்தாள்.

பார்சல் கொடுக்க வந்தவரைக் கெஞ்சி நிறுத்தினாள். தாமரை அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கறுப்புச் சட்டை ஆகாது என்றாள். முன்பு படமெடுத்த கோட்டுக்காரரே கூப்பிடாமல் வந்தார். அவர் போன வாரம்தான் ஒரு சாவு வீட்டுக்குப் போய் வந்தவராம். பக்கத்து வீட்டு சல்மா புதுத் துணி உடுத்தி, தலையில் முக்காட்டைச் சரிசெய்து, "நான் நிக்கிறேன்க்கா" என்று ஆசையாக வந்து நின்றாள்.

"ஒன் அடுப்புல எண்ண காயுது, போய்ப் பாரு" என்றாள் தாமரை.

"நான் அடுப்பே பத்த வக்கலக்கா."

"அப்பப் போய்ப் பத்த வையி."

புனிதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேஸ்காரர் நிற்கலாம், வெள்ளைக்காரர் நிற்கலாம், இத்தனை வருடம் சுவரை ஒட்டி வாழ்ந்த சல்மா நிற்கக்கூடாதா? இது என்ன கணக்கு? வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. சாலைக்கு அந்தப் பக்கத்துக் கட்டடத்தின் நிழல் வீட்டுக் கூரைவரை ஏறிவிட்டது. வாசலில் நாற்காலி போட்டு, டை கட்டி, காலில் சப்பாத்து மாட்டி உட்கார்ந்திருந்த ரெங்கசாமி வேறு, "எடுக்கறதுன்னா எடு, இல்லாட்டி விடு, எனக்குக் காலு வீங்குது" என்று முனகிக்கொண்டே இருந்தார்.

"நான் கிளம்புறேன்" என்று கேமராவைப் பையில் போட்டாள் புனிதா. "வீட்ட மட்டும் எடுத்துட்டேன். அது போதும்."

தாமரை அவள் கையைப் பிடித்துத் தரதரவென்று சமையற்கட்டுக்கு இழுத்துப் போனாள்.

"கொஞ்சம் பொறும்மா. கார்த்திகா வந்துக்கிட்டு இருக்கா."

"யாரு கார்த்திகா?"

"எம் மக."

விஷயம் இதுதான். கோயில் தலைவர் தேர்தலில் ரெங்கசாமி நின்று, அய்யாவு என்பவரிடம் தோற்றார். அந்த அய்யாவுவின் மகனைத்தான் கார்த்திகா பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். தேர்தலில் தோற்றதைக்கூட ஊர் மறந்துவிட்டது, ரெங்கசாமி மறக்கவில்லை. இனி இந்த வாசப்படியை அவள் மிதிக்கக்கூடாது என்று தெருவே கேட்கச் சத்தம் போட்டார். சுவரிலிருந்த அவள் படங்களையும் கழற்றிவிட்டார். அன்றிலிருந்து கார்த்திகா கம்போங் மேடானில் இருக்கிறாள். தாமரை அவளைக் கோயிலிலும் கல்யாண மண்டபத்திலும் திருட்டுத்தனமாகப் பார்த்து வருகிறாள்.

"அப்ப மூணு பேரு ஆகாதுன்னு சொன்னது?"

"நான் மனசு வச்சா மூணு பேராவும் நிப்பேன், முப்பது பேராவும் நிப்பேன்" என்றாள் தாமரை. "இந்த வீடு இருக்குறப்பவே அவ உள்ள வரணும். இல்லாட்டி இந்த மனுசன் அந்தச் சபதத்தையும் மூட்ட கட்டி லோரில ஏத்திடுவாரு. புது ஃப்ளாட்டுலயும் அதே கததான். அவ பொறந்த வீட்டுலயே நுழைய முடியலன்னா அங்க எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வருவா?"

"அதுக்கு என்னைய வச்சி நாடகம் ஆடுறீங்களா?"

"ஆமா. வேற யாரு கூப்பிட்டா அந்தாளு டை கட்டிக்கிட்டு வாசல்ல வந்து உக்காருவாரு?"

புனிதாவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போயிற்று, வெளிச்சமும் போயிற்று. போதாததற்கு யாரோ குடும்பச் சண்டைக்குத் தூண்டில் புழுவாகவும் ஆகியிருக்கிறாள். ஆனால் தாமரை பிடித்த கையை விடவில்லை. பாழாய்ப்போன கையை உதறிவிட்டுப் போக இவளால் முடியவில்லை.

கிராப் வாடகைக் கார் வந்து நின்றபோது தெரு விளக்கு எரியத் தொடங்கியிருந்தது. இறங்கிய பெண் சாலையோர லோங்காங் சாக்கடைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டாள். ரெங்கசாமி அவளைப் பார்த்தார். பிறகு டையைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். சத்தம் போடுவார் என்று எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"போட்டோதான? ரோட்டுலயே எடுத்துரு" என்றார் புனிதாவிடம். "வீட்டுக்குள்ள ஒன்னும் வேணாம்."

அவரே எழுந்து லோங்காங்கைத் தாண்டி ரோட்டுக்குப் போனார். தாமரையும் விஜயனும் போனார்கள். கார்த்திகா ஓரமாக வந்து நின்றாள். நாலு பேரும் வரிசையாக, கோர்ட்டில் நிறுத்தியவர்கள் மாதிரி. புனிதா கேமராவைத் தூக்கியதும் கார்த்திகா நெளிந்தாள். மறுபடி தூக்கினாள். மறுபடி நெளிந்தாள்.

"ஆடாம நில்லுங்க லா!"

"முடியல" என்றாள் கார்த்திகா, அழாக்குறையாக. "ஃபெடரல் ஹைவேல ஒரே ஜாம். மத்தியானம் ஏறுனது. எனக்கு டாய்லெட் போகணும்மா."

ரெங்கசாமி மகளைப் பார்க்காமல் மனைவியிடம் சொன்னார். "சல்மா வீட்டுக்குப் போகச் சொல்லு."

"எங்க வீட்ல தண்ணி நின்னு போச்சுண்ணே" என்றாள் சல்மா உடனே. அவள் பூச்செடிக்குப் போட்டிருந்த ரப்பர் குழாயிலிருந்து தண்ணீர் கொட்டி லோங்காங்கில் ஓடிக்கொண்டிருந்தது. ரெங்கசாமி அந்தத் தண்ணீரையும் பார்த்தார், சல்மாவையும் பார்த்தார்.

"பின்சந்து வழியாப் போகச் சொல்லு. நான் சொன்னது இந்த வாசப்படியத்தான்."

கார்த்திகா ஓடினாள்.

மற்றவர்கள் ரோட்டிலேயே நின்றார்கள். ஒரு வேன் ஹார்ன் அடித்து இவர்களைச் சுற்றிக்கொண்டு போனது. போனவள் திரும்பவில்லை. தாமரையின் கண் பின்சந்து முனையிலேயே இருந்தது.

ஆனால் கார்த்திகா அந்தப் பக்கம் வரவில்லை. பின்கதவு வழியாக உள்ளே போனவள் சமையற்கட்டு, கூடம் எல்லாம் நடந்து, கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டே முன்வாசலுக்கு வந்துவிட்டாள். வந்த பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று அவளுக்கே உறைத்தது. நிலைப்படியில் ஒரு காலை வைத்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏய், நிலைல நிக்காத!" என்று ரெங்கசாமி கத்தினார். "எத்தன தடவ சொல்றது ஒனக்கு? சின்னப் புள்ளையிலேருந்து இதே பொழப்பு. ஒன்னு உள்ள போ, இல்ல வெளிய வா."

"எதுப்பா?" என்றாள் கார்த்திகா.

ரெங்கசாமி எரிந்து விழுந்தார்.

"உள்ள போடி. காலையிலேருந்து ஒங்கம்மா நண்டு ஆக்கி ஒளிச்சி வச்சிருக்கா. எனக்கு ஒரு காலு கூடக் கண்ணுல காட்டல."

அப்படியானால் இந்த மனிதருக்குக் காலையிலிருந்தே தெரியும். தெரிந்துதான் கால் வீங்க வீங்க வாசலில் உட்கார்ந்திருந்தாரா? புனிதா வாயைப் பிளந்துகொண்டு நின்றதில், நிலைப்படியில் நின்ற மகளை எடுக்காமல் விட்டுவிட்டாள். அவள் கேமராவைத் தூக்கியபோது கார்த்திகா உள்ளே போயிருந்தாள். தாமரையும் விஜயனும் அவள் பின்னால் ஓடிவிட்டார்கள். ரெங்கசாமி மட்டும் வாசலில் குனிந்து, முணுமுணுத்துக்கொண்டே, சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.