சுகன்யாவுக்குப் போடாத ஊசி

செலியமேட்டில் ஜோஸ்பின் கால் படாத வீடு கிடையாது. பதினோரு வருஷமாக அங்கே கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் கவனிக்கும் ஆஷா சுகாதாரப் பணியாளர் அவள்தான். ஒருத்திக்கு நாள் தள்ளிப்போனால் புருஷனுக்கு முன்னால் ஜோஸ்பினுக்குத் தெரிந்துவிடும். அந்த வருஷம் மழைக்கு முன்பே கர்ப்பிணிகளுக்கான ஃப்ளூ ஊசி ஆஸ்பத்திரிக்கு வந்தது. ஊரிலிருந்த பதினாறு பேரையும் ஒருத்தி விடாமல் கூட்டிக்கொண்டு போய்ப் போட வைத்தாள்.

அவள் மகள் சுகன்யா அந்தப் பதினாறில் இல்லை. அவளை அரியூரில் கட்டிக்கொடுத்திருந்தது. அவளும் கர்ப்பம்; மழைக்காலத்தில் ஏழாம் மாசம்.

நவம்பர் கடைசியில் ஒருநாள் காலை மருமகன் அன்புராஜ் போன் செய்தான். "அத்த, மூணு நாளா ஜுரம். மாத்திர போட்டுக்கினுதான் இருந்தா. இப்ப மூச்சு வாங்குது. ஆஸ்பத்திரிக்கு இட்டாந்துட்டேன்."

ஜோஸ்பின் போய்ச் சேர்ந்தபோது சுகன்யாவின் முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க். அம்மாவைப் பார்த்தாள், பேச மூச்சு இல்லை. டாக்டரம்மா எழுதிக்கொண்டே கேட்டார். "ஃப்ளூ மாதிரி இருக்கு. இந்த வருஷம் ஊசி போட்டிருக்காங்களா?"

"போட்டாச்சு டாக்டர். நான் ஆஷா ஒர்க்கர்." சொல்லும்போது ஜோஸ்பினுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அன்புராஜ் தரையைப் பார்த்தான். "இல்ல அத்த. போடல."

"இன்னா சொல்றீங்க மாப்ள? அங்க நர்சம்மா கூப்புடலயா?"

"கூப்ட்டாங்க. இவ உங்களுக்குப் போன் பண்ணிக் கேட்டா. நீங்கதான் இப்ப வேணாம்னீங்க."

ஜோஸ்பினுக்கு 'நான் சொல்லவே இல்லை' என்று வாய்வரை வந்தது. அதற்குள் ஞாபகம் முந்திக்கொண்டது.

சுகன்யா போன் செய்த அன்றைக்கு அவள் செலியமேட்டில் கலியம்மாள் வீட்டில் இருந்தாள். கலியம்மாளின் மருமகளுக்கு ஏற்கெனவே ஒன்று கலைந்திருந்தது. ஊசியே வேண்டாம் என்று அந்தப் பெண் ஒரே பிடிவாதம். "கலைஞ்சவங்கதான்டி மொதல்ல போட்டுக்கணும்" என்று அரைமணி நேரம் பேசி வழிக்குக் கொண்டுவந்தாள். தெருவில் இறங்கியதும் சுகன்யாவின் போன். "ஊசி போட்டுக்கட்டுமாம்மா?" சுகன்யாவுக்கும் முந்தின வருஷம் ஒன்று கலைந்திருந்தது. "உனக்கு இன்னாடி அவசரம், மெதுவா பாத்துக்கலாம்" என்று சொல்லிப் போனை வைத்தாள். சொன்னதையும் அத்தோடு மறந்துபோனாள்.

டாக்டரம்மா எழுதினதை அடித்துவிட்டு 'போடவில்லை' என்று எழுதிக்கொண்டார்.

அன்று மத்தியானமே ஐசியு. மறுநாள் தொண்டையில் குழாய். அதற்கடுத்த நாள் ஆபரேஷன் பண்ணிக் குழந்தையை எடுத்தார்கள். பெண், ஒன்றரைக் கிலோ. கண்ணாடிப் பெட்டிக்குள் கையளவு கிடந்தது. அன்புராஜ் மாமியாருக்கு டீ வாங்கி வந்தான், சாப்பிட்டீங்களா என்று கேட்டான், ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலை என்றிருந்தது ஜோஸ்பினுக்கு. ஜெபம் பண்ண உட்கார்ந்தால் அந்தப் போன் பேச்சுதான் திரும்பத் திரும்ப வந்தது.

எட்டாம் நாள் குழாயை எடுத்தார்கள். குரல் திரும்ப மேலும் இரண்டு நாளானது. முதலில் குழந்தையைக் கேட்டாள் சுகன்யா. பிழைத்துவிட்டது, பால் இறங்குகிறது என்று ஜோஸ்பின் சொன்னாள். சுகன்யா கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஊருக்கெல்லாம் போடச் சொன்னியேம்மா. எனக்கு மட்டும் ஏன் வேணாம்னே?"

"பயந்துட்டேன்டி. மத்தவங்களுக்குப் போடறப்ப பயமே இல்ல. உனக்குன்னதும் எதுனா ஆயிடுமோன்னு ஆயிப்போச்சு. டிரெய்னிங்ல சொன்னது ஒண்ணும் அப்ப நெனப்புக்கு வரல."

சுகன்யா பரவாயில்லை என்று சொல்லவில்லை. அம்மா பிடித்திருந்த கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை.

ஒரு மாசம் கழித்துக் குழந்தையை வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றைக்கு டாக்டரம்மா சொன்னார். "ஆறு மாசம் ஆகாம பாப்பாவுக்கு ஃப்ளூ ஊசி போட முடியாது. அதுவரைக்கும் பக்கத்துல இருக்கறவங்க போட்டுக்கிட்டா நல்லது. நீங்கல்லாம் போட்டிருக்கீங்களா?"

"நான் போடல டாக்டர்," என்றாள் ஜோஸ்பின்.

ஊசி போடும் அறையில் ஸ்டூலில் உட்கார்ந்து ரவிக்கைக் கையை மேலே ஏற்றினாள். பின்னால் அன்புராஜ் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றான். நர்ஸ் பஞ்சால் துடைத்தவள் நிறுத்தினாள். "இன்னாக்கா, மூஞ்சிய அந்தாண்ட திருப்பிக்கினீங்க. பயமா?"

"ஆமா," என்றாள் ஜோஸ்பின். "நீ போடு."