ஒரே ஒரு புகைக்குழாய்

பழைய அடுப்பை உடைத்த பிறகுதான் புது புகையில்லா அடுப்புக்குச் செங்கல்லைத் தொட வேண்டும். அது தொண்டு சங்கத்தின் சட்டம். பழசு இருந்தால் பெண்கள் அதிலேயே சமைப்பார்களாம். கூலி வாங்காமல் கடல் தாண்டி வேலை செய்ய வந்த கொத்தனாருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கடப்பாரையால் ஒரே போடு. மண் அடுப்பு பொலபொலவென்று உதிர்ந்தது.

வீட்டுக்காரம்மாள் உதிர்ந்த மண்ணை முறத்தில் அள்ளினாள். அதே அறையில் அவளுடைய மகள், நிறைமாதக்காரி, சுவரில் சாய்ந்து இருமிக்கொண்டிருந்தாள். பிள்ளை பிறக்கிற வீட்டில் புகை இருக்கக் கூடாது. தாய் கேட்டது அவ்வளவுதான். கொத்தனாரும் பெரிய மனுஷன் மாதிரி தலையை ஆட்டியிருந்தார்.

அடுப்பு எழும்பிவிட்டது. புகைக்குழாய்கள் வந்தபாடில்லை. துறைமுகத்தில் மாட்டிக்கொண்டதாம். மாதிரிக்கு வந்த ஒரே ஒரு குழாயைச் சங்கத்து மேனேஜர் கைக்குழந்தை போலத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"சொருகுங்க கொத்தனாரே. நன்கொடைக்காரங்களுக்குப் படம் எடுத்ததும் கழட்டிடலாம், அடுத்த வீட்டுக்கு வேணும்."

"கழட்டுனா அந்த ஓட்டை வழியா புகை மூஞ்சியில அடிக்குமே சார். பழைய அடுப்பே தேவலையே."

"குழாய் வரும்யா."

"எப்போ?"

"நாம போனப்புறம். உமக்கென்ன, நீரா இங்க சமைக்கப் போறீரு?"

கொத்தனார் குழாயைச் சொருகி, சிமெண்டைக் கெட்டியாகக் குழைத்துச் சுற்றிலும் அப்பினார். காய்ந்துவிட்டால் எவனாலும் பிடுங்க முடியாது.

மேனேஜர் படத்தை எடுத்துக்கொண்டு குழாயை ஆட்டிப் பார்த்தார். கத்தவில்லை. விவரமான ஆள்; தன் கையால் பிடுங்கிக் கெட்ட பேர் வாங்க மாட்டார். இரண்டு பாஷையும் தெரிந்த டிரைவரைக் கூப்பிட்டார்.

"குழாய் வேணுமா, தண்ணி வடிகட்டி வேணுமான்னு அந்தம்மாகிட்ட கேளு. ரெண்டும் ஒரே வீட்டுக்குக் கிடையாது."

நேற்று வரைக்கும் வீட்டுக்கு ஒரு வடிகட்டி இலவசம் என்றுதான் பேச்சு. டிரைவர் கொத்தனாரைப் பார்த்தான். பிறகு கேட்டான்.

அங்கே கிணற்றுத் தண்ணீர் துருப்பிடித்த நிறம். மகளின் முந்தின பிள்ளை வயிற்றுப்போக்கில்தான் போயிற்று. தாய் மகளின் வயிற்றைப் பார்த்தாள். ஈரச் சிமெண்டுக்குள் இரண்டு கையையும் விட்டு, குழாயை அவளே பிடுங்கி மேனேஜரிடம் நீட்டினாள். கொத்தனார் பக்கம் திரும்பி ஏதோ சொன்னாள்.

"என்னப்பா சொல்லுது?"

"விடுங்கண்ணே."

"சும்மா சொல்லு."

"உங்க ஊருலயும் பொம்பளைங்க பிள்ளை பெத்துக்கிறாங்களான்னு கேக்குது."

கொத்தனார் சிமெண்டுக் கரண்டியைக் கழுவாமலே பையில் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினார். ஏறாமல் என்ன செய்ய? பாஸ்போர்ட் மேனேஜரின் பெட்டியில் இருந்தது. அடுத்த வீட்டு வாசலில் துவைத்த துணி உடுத்தி, ஒருத்தி படத்துக்குத் தயாராக நின்றிருந்தாள்.