ஆலைக்காரர் மகளின் நாற்காலி

கர்வூனி ஊரின் பழங்கால நாடக அரங்கில், நடுவட்டக் கல்லின்மேல் நின்று பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கு உடனே கேட்கும். மேல்வரிசைக்கு அதே பேச்சு நாற்பது ஆண்டு கழித்துத்தான் போய்ச் சேரும். கோடையில் பேருந்தில் வரும் பயணிகளுக்கு இது தெரியாது. வழிகாட்டி கீழே காகிதம் கிழிப்பார். மேலே உட்கார்ந்திருப்பவர்கள் என்றோ ஓர் இடையன் தீக்குச்சி உரசிய ஓசையைக் கேட்டுக் கைதட்டுவார்கள். ஒரு டச்சுப் பெண்மணி மட்டும், தனக்கு ஆட்டின் தும்மல் கேட்டதாகப் புகார்ப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போனாள்.

1984 ஆகஸ்ட் நெருங்க நெருங்க, அரங்கின் காவலர் கொஸ்மாஸ் நாட்காட்டியில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டே வந்தார். நாற்பது ஆண்டுக்கு முன் ஜெர்மானியச் சிப்பாய்கள் அவருடைய அப்பா தெமெலிஸை அந்தக் கல்லில் நிறுத்தி, மலையில் ஒளிந்திருந்த போராளிகளுக்கு மாவு கொடுத்தது யார் என்று விசாரித்தார்கள். மறுநாள் மாவு ஆலைக்காரர் ஸ்தாதிஸைச் சுட்டார்கள். தெமெலிஸ் வாயே திறக்கவில்லை என்று குடும்பம் சொன்னது, ஊர் நம்பியது. காப்பிக்கடையின் ஜன்னலோர நாற்காலி அன்றிலிருந்து மரியாதையாகத் தெமெலிஸ் வீட்டாருக்கே. அப்பாவுக்குப் பின் கொஸ்மாஸ் அதில் முதுகு வளையாமல் உட்கார்ந்தார். விசாரணையின்போது பன்னிரண்டு வயதான தன்னையும் லாரியில் பிடித்து வைத்திருந்தவர்கள் மாலையில் ஏன் விட்டார்கள் என்று மட்டும் அவர் யாரையும் கேட்டதில்லை.

விசாரணை நடந்து நாற்பது ஆண்டு நிறைந்த அன்று பகல் பதினொரு மணிக்கு, கொஸ்மாஸ் மைத்துனரின் இருநூறு ஆடுகளைக் கழுத்துமணியோடு மேல்வரிசைக்கு ஓட்டிவந்தார். அங்கே ஆலைக்காரரின் மகள் அர்கீரோ கறுப்பு உடையில், திண்டு போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன கொஸ்மா அண்ணே, ஆட்டுக்கும் நாடகம் காட்டுறீங்களா?"

"இந்த வெயில்ல உனக்கு இங்க என்ன வேலை? வீட்டுக்குப் போ."

"எங்கப்பா சங்கதியக் கேக்க வந்தேன். டிக்கெட் வேணும்னா கிழிங்க."

அந்தச் சுண்ணாம்புக்கல் இருக்கைகள் தங்கள்மேல் எழும் இரைச்சலை விழுங்கிவிட்டு, கீழிருந்து வரும் ஓசையைத் தெளிவாக விடும். காவலரே அதை மறந்துவிட்டார். இருநூறு மணிகளும் சத்தமில்லாமல் ஆடின. தெமெலிஸின் குரல் தெளிவாக வந்தது: "ஆலைக்கார ஸ்தாதிஸ்தான். எம்புள்ளைய விட்டுருங்கய்யா."

கொஸ்மாஸ் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. படிகளில் இறங்கி, நடுக்கல்லில் ஏறி நின்றார். அவர் வாய் அசைவது மேலே தெரிந்தது. இறங்கிப் போய்ப் பக்கத்தில் நின்றிருந்தால் அர்கீரோவுக்குக் கேட்டிருக்கும். அவள் போகவில்லை.

"ஒங்கப்பா பேச்சுக்கு நாப்பது வருஷம் காத்துக் கெடந்தேன்," என்று அங்கிருந்தே கத்தினாள். "ஒங்க பேச்சுக்கும் கெடக்கேன், போங்க."

அதன்பின் கொஸ்மாஸ் அந்த நாற்காலியில் உட்காரவில்லை. வேறு யாரும் உட்காரத் துணியவில்லை. பதினேழு ஆண்டு கழித்து அவர் இறந்தார். 2024 ஆகஸ்டில் எண்பத்தெட்டு வயது அர்கீரோ, அதே திண்டோடு மூச்சு வாங்கி மேலேறினாள். பதினொன்றே காலுக்கு அவர் குரல் வந்தது: "அர்கீரோ, அந்த நாற்காலி உங்க வீட்டுது."

கேட்டுவிட்டு இறங்கினாள். நேரே காப்பிக்கடைக்குப் போய் ஜன்னலோரம் உட்கார்ந்து, துக்க வீட்டில் குடிப்பதைப் போலச் சர்க்கரையில்லாமல் ஒரு காப்பி கேட்டாள். கடைக்காரர் கொண்டுவந்து வைத்தார்.